முதலில் அடிமரம் பருக்கட்டும்

மைசூரில் தோட்ட ஆர்வலர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

போன்சாய் என்றதும் மரத்தைக் குட்டையாக்கும் கலை என்ற எண்ணம்தான் நம் மனத்தில் முதலில் எழுகிறது. சின்னத் தொட்டி, கொஞ்சம் மண், அளவான தண்ணீர், இடையிடையே கத்தரிக்கோல் என்று மரத்தை வளரவிடாமல் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டில் ஒரு போன்சாய் கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கையால் நல்ல கன்றுகள் பல வீணாகின்றன என்பது என் கவலை. நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். போன்சாய்க்கான மரத்தை முதலில் பெரிதாக்க வேண்டும். குறுக்குவது அதன் பிறகு வரும் வேலை. ஒப்பிட்டுப் பார்த்தால் சிறிய வேலையும்கூட. இதை ஏற்றுக்கொண்டால் நர்சரியில் எந்தக் கன்றை வாங்குவது, எங்கே நடுவது, எப்போது வெட்டுவது, புத்தகங்களில் பார்த்த ஓக் மரத்தின் மேல் இந்த ஊரில் ஆசை வைக்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை ஒரே இடத்திலிருந்து வரும்.

நர்சரியில் நமக்குக் கிடைப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். கறுப்புப் பாலிதீன் பையில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த கலவை. அதில் மூன்றடி உயரத்துக்கு விடுவிடுவென்று எழுந்து நிற்கும் கன்று. தண்டு பென்சில் பருமன், மிஞ்சிப் போனால் சுண்டுவிரல் பருமன். நர்சரிக்காரர் உயரத்துக்கு விலை வைக்கிறார். தென்னந்தோப்பு ஓரத்தில் நடப்போகிறவருக்கு அது நியாயமான விலை. ஆனால் போன்சாயில் கண் முதலில் போய் நிற்கும் இடம் தூர். முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள மரம் முதிர்ந்த மரமாகத் தோன்ற வேண்டுமானால் அதன் தூர் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். ஆறுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தைப் போன்சாய்க்காரர்கள் நெடுநாளாகக் கைக்கொண்டு வருகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் தண்டு ஐந்து சென்டிமீட்டர் ஆவதென்றால் ஐந்து மடங்குதானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் அது இருபத்தைந்து மடங்கு. இருபத்தைந்து மடங்கு மரக்கட்டையை அந்தக் கன்று உண்டாக்கியாக வேண்டும். அதை ஆழமற்ற தட்டுத் தொட்டியில், மாதமொரு முறை கொழுந்து கிள்ளப்படும் நிலையில் உண்டாக்கச் சொன்னால் அது எங்கே போகும்? பத்து ஆண்டு கழித்தும் அதே சுண்டுவிரல் தண்டுதான் நிற்கும். மேலே கொஞ்சம் இலை அடர்ந்திருக்கும், அவ்வளவே. வளர்த்தவர் தன் கையில் ராசி இல்லை என்று நொந்துகொள்வார். குறை கையில் இல்லை, வேலைகளைச் செய்த வரிசையில் இருக்கிறது.

தண்டு ஏன் பருக்கிறது என்பதற்கு அறிவியல் தெளிவான விளக்கம் தந்திருக்கிறது. கிளைகளின் பருமனை எல்லாம் கூட்டினால் அவற்றைத் தாங்கும் தண்டின் பருமன் வரும் என்று லியொனார்டோ டாவின்சி தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1964இல் ஷினோசாகி முதலான ஜப்பானிய ஆய்வாளர்கள் இதையொட்டிய கருத்தை அளந்து பார்த்து, குழாய் மாதிரி என்ற கோட்பாடாக வெளியிட்டார்கள். அதன்படி, ஒவ்வோர் அளவு இலைக்கும் வேரிலிருந்து நீர் கொண்டுவர ஒரு குழாய் வேண்டும். மரத்தண்டு என்பது அத்தகைய குழாய்களின் கட்டு. இலை கூடினால் குழாய் கூடும், தண்டு பருக்கும். அந்தக் கோட்பாட்டில் நமக்கு மிக முக்கியமான பகுதி அடுத்து வருவது. ஒரு கிளை உதிர்ந்துபோனால் அதற்கு நீர் கொண்டுசென்ற குழாய்கள் தண்டை விட்டுப் போவதில்லை. வேலையற்றுப்போன குழாய்களாக உள்ளேயே தங்கிவிடுகின்றன. காட்டு மரங்களின் அடி, அவற்றின் இன்றைய இலைக்கணக்குக்கு வேண்டியதைவிடப் பருத்திருப்பது இதனால்தான். இன்று இருக்கும் கிளைகளோடு, என்றோ இருந்து மறைந்துபோன கிளைகளுக்கும் சேர்த்து அந்த அடிமரம் பருத்திருக்கிறது.

போன்சாய்க்காரர் செய்வதும் இதையேதான். கன்றை அகலமான மண்ணில் நட்டு, இரண்டு மூன்று மீட்டர் உயரம் தாராளமாக ஓடவிடுகிறார். பின்னால் வெட்டுவதற்கென்றே சில கிளைகளைத் தூருக்குப் பக்கத்தில் தொடாமல் வளர்க்கிறார். அவை தூரைப் பருக்க வைக்கின்றன. வேலை முடிந்ததும் வெட்டப்படுகின்றன. அவை தந்த பருமன் மட்டும் தண்டில் நிலைக்கிறது. வெட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தூர் ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் தண்டைத் தரையிலிருந்து பத்து சென்டிமீட்டரில், சற்றுச் சாய்வாக ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் மரம் ஒரு கட்டையாக நிற்கும், பார்ப்பவர்கள் பதறுவார்கள். சில வாரங்களில் அந்தக் கட்டையின் பட்டையைக் கீறிக்கொண்டு பல துளிர்கள் எழும். அவற்றில் வெட்டின் உச்சிக்கு அருகே, நாம் விரும்பும் திசையில் நிற்கும் ஒன்றைப் புதுத் தண்டாக விட்டு, மீண்டும் ஓடவிட வேண்டும். அது புறப்படும் இடத்தில் மூன்று சென்டிமீட்டர் பருத்ததும் இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே தள்ளி அதையும் அறுக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்யும்போது அடியில் பருத்து நுனியில் மெலியும் தண்டு உருவாகிறது. ஒவ்வொரு வெட்டிலும் தண்டு லேசாகத் திசை திரும்புவதால் மரத்துக்கு ஒரு நெளிவும் கிடைக்கிறது. கம்பி கட்டி வளைத்து இந்த வடிவத்தைக் கொண்டுவர முடியாது. கம்பி கிளையைத் திருப்பும், ஆனால் ஓர் இழை கட்டையைக்கூட உண்டாக்காது.

இப்போது ஓக் மரத்துக்கு வருவோம். போன்சாய் பற்றி ஆங்கிலத்தில் வரும் புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு அந்த மரத்தின் மேல் ஆசை வருவது இயல்பு. பிரிட்டனில் ஒருவர் கடையில் ஓக் கன்று வாங்கினால், குளிர்காலம் முடியும் தறுவாயில் அதைப் பையிலிருந்து எடுத்து, ஆணிவேரைக் குறுக்கி, நிலத்தில் நடுவார். வசந்தத்தில் ஒரு முறை கொழுந்து ஓடும். அது நின்றபின், கோடை நடுவில், ஜூலை ஆகஸ்ட் வாக்கில் இன்னொரு முறை ஓடும். இலையுதிர்காலம் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். ஆண்டில் தண்டு நீள்வது சில வாரங்கள். இலை இருந்து உழைப்பது ஏறத்தாழ ஆறு மாதம். அதனால் அங்கே அடிமரம் மணிக்கட்டுப் பருமன் ஆக நீண்ட ஆண்டுகள் வேண்டும். வெட்டுக்காயம் மூடவும் அப்படியே காலம் பிடிக்கும். இந்த நிதானம் அந்த நாட்டின் பருவத்துக்குப் பொருந்தியது. இலை உதிர்ந்த காலத்தில் கிளைக்கட்டை முழுவதும் கண்ணுக்குத் தெரிவதும், அப்போது கவாத்து செய்வதும், மரம் உறங்கும்போது வேரில் கைவைப்பதும் குளிர்காலம் உள்ள நாட்டின் வழிமுறைகள். 1923இன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து வெளியேறிய தோட்டக்காரர்கள் 1925இல் உருவாக்கிய ஓமியா போன்சாய்க் கிராமமும் அத்தகைய பருவத்தில்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் படிக்கப்படும் போன்சாய்ப் பாடங்களில் பெரும்பகுதி அங்கிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை.

மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டு டிகிரியில் இருக்கிறது. மார்கழி இரவில்கூட வெப்பநிலை சராசரியாகப் பதினாறு டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். குளிர்நாட்டு மரங்களின் மொட்டு உறக்கத்திலிருந்து சரியாக விழிக்க, ஏழு டிகிரிக்கும் கீழான குளிர் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேண்டியிருக்கிறது. அது கிடைக்காத ஓக் அடுத்த பருவத்தில் தாறுமாறாகத் துளிர்க்கும், சில கிளைகளில் துளிர்க்காமலே இருக்கும், ஆண்டுக்காண்டு மெலியும். இயற்கையே இதற்குச் சான்று வைத்திருக்கிறது. இமயமலையில் குமாவுன், கட்வால் பகுதிகளில் ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேல் பாஞ்ச் என்ற ஓக் மரங்கள் காடாக நிற்கின்றன. தீபகற்ப இந்தியாவிலோ ஓக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம்கூட இயல்பாக வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களிலும் இல்லை. இங்கே நர்சரியில் ஓக் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சில்வர் ஓக் கன்று. குடகின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும், மிளகுக் கொடி ஏறுவதற்கும் நடப்படும் ஆஸ்திரேலிய மரம் அது. ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. நேராக ஓங்கி வளர்வதுதான் அதன் சிறப்பு, அந்தச் சிறப்பே போன்சாய்க்குப் பாதகம்.

குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து ஓக்குக்குக் குளிர்காலம் காட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். நீலகிரியில் நண்பர் வீட்டில் வைத்து வளர்க்கலாமே என்றும் கேட்கலாம். முடியாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கும் அதைப் போன்சாய் ஆக்குவதற்கும் நெடுந்தூரம் இருக்கிறது என்பதே என் பதில். முன்னே சொன்ன வெட்டுகள் ஒவ்வொன்றும் மரத்தின் சேமிப்பிலிருந்து பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. தண்டை அறுத்த பிறகு துளிர் வர வேண்டுமானால் மரத்தில் வலு மிஞ்சியிருக்க வேண்டும். பிழைத்துக் கிடப்பதற்கே தன் வலுவையெல்லாம் செலவிடும் மரத்தை அறுத்தால் அது விறகாகிவிடும். பெரிதாக்க முடியாத மரத்தைப் போன்சாய் ஆக்கவும் முடியாது.

அப்படியானால் இந்த ஊரின் வெப்பம் நமக்குக் குறையா? இந்தக் கேள்விக்கு ஜப்பானில் விடை தேடுவதைவிடச் சீனத்தின் தென்கோடியில் தேடுவது நல்லது. குவாங்சோ நகரைச் சுற்றியுள்ள குவாங்தொங் பகுதியில் லிங்னான் என்ற மரபு இருக்கிறது. அங்கே குளிர் மென்மையானது, ஆண்டின் பெரும்பகுதி மரம் வளர்ந்துகொண்டே இருக்கும். அங்குள்ள கலைஞர்கள் கம்பியை முதன்மையாக நம்பாமல், வளரவிட்டு வெட்டு, மறுபடி வளரவிட்டு வெட்டு என்ற முறையை வளர்த்தெடுத்தார்கள். கிளை, கிளையின் கிளை என்று ஒவ்வொரு கண்டமும் உரிய பருமன் வரும்வரை விடப்பட்டு, பின் அறுக்கப்படும். அவர்கள் கையாளும் மரங்களுள் சில நமக்கு அயலானவை அல்ல. வெங்காரை என்றும் காட்டுக் கறிவேப்பிலை என்றும் நாம் அழைக்கும் மரம் அவர்களிடம் உயர்ந்த இடம் பெற்றது. நம் புதர்க்காடுகளிலும் காணப்படும், சின்ன இலைகொண்ட கார்மோனாவும் அப்படியே. வளர்ச்சி நிற்காத நாட்டுக்கு வளர்ச்சியையே கருவியாகக் கொண்ட ஒரு மரபு ஏற்கெனவே உருவாகியிருக்கும்போது, குளிர்நாட்டின் நாட்காட்டியை மைசூரில் பின்பற்றுவது வீண் சிரமம். கோடை மழை விழத் தொடங்கும் சித்திரை, வைகாசியில் இங்கே ஒரு இச்சிக் கட்டையை அறுத்தால், ஐப்பசி மழைக்குள் அதன் புதுத்தண்டு ஆள் உயரம் போய்விடும். குளிர்நாட்டு ஓக் பல ஆண்டில் தரும் வளர்ச்சி அது.

மரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். முதலிடம் ஆலமர இனத்துக்குத்தான், நர்சரிக்காரர் மொழியில் பைகஸ். அதிலும் சிற்றிலை கொண்ட இச்சி. பட்டையை அறுத்த இடத்தில் வடியும் பாலைத் தண்ணீரால் துடைத்துவிட்டுப் போர்டோ பசை பூசினால் போதும், காயம் விரைவில் மூடிக்கொள்கிறது. இலையே இல்லாத கட்டையிலும் துளிர் வருகிறது. வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தூரில் பிணைந்து தடிக்கின்றன. ஈரக்காற்றில் விழுதும் இறங்கும். நலமாக இருக்கும் மரத்தில் இலைகளை எல்லாம் ஒரு முறை கத்தரித்துவிட்டால் அடுத்து வரும் இலை சிறுத்து வரும். அடுத்தது புளி. வளர்ச்சி இச்சியைவிட மெதுவானது, ஆனால் இளமையிலேயே பட்டை வெடித்துக் கிழமரத் தோற்றம் வந்துவிடும். இலை சிறுசிறு சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதால் சின்ன மரத்திலும் அளவு பொருந்தி நிற்கிறது. வெட்டினால் மறுதுளிர் விடுவதில் சளைப்பதில்லை. விளாவும் வில்வமும் முள்ளோடும் மணத்தோடும் வரும். குருந்து மிகவும் மெதுவாகப் பருக்கும், ஆனால் அதன் கட்டையின் இறுக்கத்துக்கு இணையில்லை. விஜயதசமி ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் சென்று வன்னியை வணங்கி நிறைவுபெறும் ஊர் இது. அந்த வன்னிக்கும் போன்சாயில் இடம் உண்டு. ஆணிவேரை ஆழமாக இறக்கும் இயல்புள்ள மரமாதலால், வன்னியைச் சின்னக் கன்றிலேயே வேர் திருத்தித் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இவை எதுவும் போன்சாய் போலத் தோன்றவில்லையே, பைன் மரத்தின் கம்பீரமோ மேப்பிளின் நிறமாற்றமோ இவற்றில் இல்லையே என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். படங்களில் பழகிய கண் அதைத்தான் தேடும். ஆனால் மரத்தின் வடிவம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடற்கரைப் பாறையில் காற்று வளைத்த பைன் மரத்தைப் பார்த்துத்தான் ஜப்பானியக் கலைஞன் தன் தொட்டியில் சாய்வு மரத்தை அமைத்தான். நஞ்சன்கூடு சாலையில் நிற்கும் முதிய புளிக்கும், ஏரிக்கரை ஆலுக்கும் அவற்றுக்கே உரிய உருவம் உண்டு: குடை விரிந்த தலை, தாழ்ந்து பரந்த கிளை, தரையைப் பிடித்துப் புடைத்த வேர். அந்த உருவத்தை ஐம்பது சென்டிமீட்டரில் கொண்டுவருவது பைனைப் போலி செய்வதைவிடக் கடினமான கலை, உண்மையான கலையும்கூட. ஊட்டி சாலையில் அவதூத தத்த பீடத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டத்துக்குச் செல்பவர்கள் அங்குள்ள ஆல், அரசு இனத்து மரங்களின் அடியையும் வேரையும் நின்று பார்க்க வேண்டும். நம் மரங்களால் இது முடியுமா என்ற ஐயத்துக்கு அங்கே பதில் கிடைக்கும். வீட்டில் போன்சாய் வைப்பது ஆகாது என்ற வாஸ்து அச்சம் உள்ளவர்களுக்கும், ஓர் ஆன்மிகப் பீடமே நூற்றுக்கணக்கான போன்சாய்களைப் பேணுகிறது என்பது ஆறுதலாக இருக்கும்.

நம் கிராமங்களில் பழகிய ஒரு வழக்கம் இங்கே பெரிதும் உதவும். ஆல், இச்சி, கிளுவை போன்றவற்றைப் போத்து வெட்டி நடுவது நமக்குத் தெரிந்த வேலை. கைத்தடி பருமனுள்ள கிளையை மழைக்கு முன் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். பருமனுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் பாதியை இது மிச்சப்படுத்துகிறது. இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். போத்து மேலும் கீழும் ஒரே பருமனாக இருக்கும், வேர் சில வேளை ஒரு பக்கமாகவே விடும். அடியில் பருத்து நுனியில் மெலிவதற்கான வெட்டுமுறையை அதற்கும் செய்தாக வேண்டும். வேர் இல்லாத பக்கத்தில் பட்டையைக் கீறி மண் அணைத்து வேர் வரவழைக்க வேண்டும்.

நர்சரியில் கன்று தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்க்கவே வேண்டாம். பையின் மேல்மண்ணை இரண்டு விரலால் விலக்கித் தூரைப் பாருங்கள். தண்டு மண்ணுக்குள் நுழையும் இடத்தில் சற்று விரிந்து, சுற்றிலும் பக்கவேர் புறப்படுகிறதா என்று தேடுங்கள். அடிக்கணுக்களில் உயிருள்ள கிளைகள் இருக்கும் கன்று, நெட்டையான அழகுக் கன்றைவிட மேலானது. மாமரம், சப்போட்டா போன்றவற்றில் ஒட்டுக்கன்றைத் தவிர்க்க வேண்டும். ஒட்டின் வடு தண்டில் என்றைக்கும் தெரியும். பையில் நெடுநாள் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு வளையமாகியிருக்கும். அதைத் தயங்காமல் வெட்டிவிட வேண்டும். விட்டால் அந்த வளையம் தானே பருத்துத் தூரை நெரிக்கும். பிறகு ஒரு மங்களூர் ஓட்டின் மேல் கன்றை வைத்து, வேர்களை எல்லாப் பக்கமும் கதிர்போல் விரித்து, அந்த ஓட்டோடு நிலத்தில் புதைத்துவிட வேண்டும். கீழே இறங்க வழியில்லாத வேர் பக்கவாட்டில் ஓடிப் பருக்கும். சில ஆண்டு கழித்துத் தோண்டி எடுக்கும்போது தூரைச் சுற்றிப் பரந்த வேர்ப்பிடிப்பு கிடைக்கும். அடுக்குமாடியில் நிலம் ஏது என்று கேட்பீர்கள். காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் போதும். அதன் ஓட்டைகளில் காற்றுபட்ட வேர்நுனி காய்ந்து, உள்ளே சல்லிவேர் பெருகும். நிலத்தின் வேகம் வராது என்றாலும் தட்டுத் தொட்டியைவிடப் பல மடங்கு நன்று.

தட்டுத் தொட்டியில் இளங்கன்றை நடக் கூடாது என்பதற்கு நீரைப் பற்றிய காரணம் ஒன்றும் உண்டு. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஒரு படலம் ஈரம் ஊறி நிற்கும். அந்தப் படலத்தின் உயரத்தை மண்ணின் தன்மைதான் முடிவு செய்கிறது, தொட்டியின் ஆழம் அல்ல. ஆழத் தொட்டியில் அது அடியில் ஒரு சிறு பங்கு. ஆழம் குறைந்த தொட்டியில் வேர் முழுவதுமே அந்தச் சேற்றில் நிற்கும். செம்மண்ணை அப்படியே தட்டுத் தொட்டியில் போட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகுவது இதனால்தான். மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவில் சலித்த செங்கல் சல்லியும், அதில் கொஞ்சம் மட்கிய உரமும் இருந்தால் நீர் நில்லாமல் காற்று ஓடும். ஜப்பானிலிருந்து அக்கடாமா மண்ணை வரவழைக்க வேண்டியதில்லை.

பழைய கட்டைகளைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்தால் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு எதற்கு என்ற கேள்வி வலுவானது. புகழ்பெற்ற ஜப்பானிய மரங்கள் பல மலையிலிருந்து எடுக்கப்பட்டவைதான். ஆனால் சாமுண்டி மலை காப்புக்காடு. அங்கே ஒரு செடியைத் தோண்டுவதும் குற்றம். சட்டத்தை விலக்கிப் பார்த்தாலும், பாறையிடுக்கில் ஆடு கடித்தும் வெயில் தின்றும் நூறு ஆண்டு தாக்குப்பிடித்த ஒரு குருந்தின் வேர் எங்கே ஓடுகிறது என்று தோண்டுபவனுக்குத் தெரியாது. தோண்டிய மரங்களில் பிழைக்காதவை எத்தனை என்பதை யாரும் காட்சிக்கு வைப்பதில்லை. பழைய கட்டடச் சுவரில் முளைத்து, கொத்தனார் பிடுங்கி எறியப்போகும் அரசையும் இச்சியையும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, அதை வரவேற்கிறேன். மலையைக் கிளறுவதை என்னால் ஏற்க முடியாது.

இனி மிகவும் மனமார்ந்த மறுப்பு. மரத்தைச் சித்திரவதை செய்கிறீர்கள் என்று பலர் சொல்கிறார்கள். உயிரிடம் இரக்கமுள்ள மனத்திலிருந்து எழும் சொல் இது; இதற்கு விரைவுப் பதில் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. பட்டினி போட்டுக் குட்டையாக்குவதுதான் போன்சாய் என்றால் அந்தக் குற்றச்சாட்டு உண்மையே. தட்டுத் தொட்டியில் பத்து ஆண்டு இளைத்து நிற்கும் கன்று துன்பப்பட்ட கன்றுதான். ஆனால் இதுவரை சொன்ன முறை அதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் மரம் கொழுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அதை வளரவிட வேண்டும். முதிர்ந்த வேரைக் குறைத்தால் இளவேர் எழுகிறது, தொட்டியில் மரம் நெடுநாள் வாழ்வதற்கு அதுவே காரணம். 1625 முதல் பேணப்பட்டுவந்த யமாகி குடும்பத்தின் வெண்பைன் 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோதும் பிழைத்து, 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகச் சென்று, வாஷிங்டனில் இன்றும் துளிர்க்கிறது. வதைபட்ட உயிர் நான்கு நூற்றாண்டு தளிர்விடாது. அதே நேரம், அன்றாடம் நீர் ஊற்ற ஆளில்லாத வீட்டில் போன்சாய் வைப்பது கொடுமை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். மைசூரின் பங்குனி வெயிலில் தட்டுத் தொட்டி ஒரு நாள் காய்ந்தாலும் மரம் போய்விடும். ஊருக்குப் போகும்போது சாவியோடு சேர்த்து மரத்தையும் ஒப்படைக்க ஆள் இருப்பவர்கள்தான் இதில் இறங்கலாம்.

இத்தனை ஆண்டு யார் பொறுப்பார்கள், வயதானவர்கள் தொடங்கலாமா என்ற கேள்வி மீதி இருக்கிறது. இச்சியில் ஆறேழு ஆண்டில் நல்ல அடிமரம் கிடைக்கும் என்பது என் கணக்கு, புளியில் அதற்குமேல் ஆகும். அந்த ஆண்டுகளில் செய்ய வேண்டிய வேலை குறைவு. வளரவிடுவதுதான் பெரும்பகுதி. தினமும் நுனி கிள்ளிக்கொண்டிருப்பவருக்குத்தான் பொறுமை அதிகம் தேவைப்படுகிறது. ஒரே நேரத்தில் ஐந்தாறு கன்றை நிலத்தில் போட்டு, வெவ்வேறு ஆண்டில் அறுத்தால், எப்போதும் ஏதாவது ஒன்று கைவேலைக்கு ஆயத்தமாக இருக்கும்.

கடைசியாக, தசராவின்போது குப்பண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடத்துபவர்களிடமும், போன்சாய் வளர்ப்போர் குழுக்களிடமும் ஒரு வேண்டுகோள். போன்சாய் வைக்கும் மேடையில் முடிந்த மரங்களை மட்டும் அடுக்க வேண்டாம். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் அதே இனத்தின் பாலிதீன் பைக் கன்று ஒன்று, நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நெட்டை மரம் ஒன்று, அறுத்துத் துளிர்விட்ட கட்டை ஒன்று என்று வரிசையாக வையுங்கள். எந்த ஆண்டு நட்டது, எந்த ஆண்டு அறுத்தது என்று அட்டையில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். அறுத்த கட்டையை மேடையில் வைப்பது அழகில்லை என்று சொல்வார்கள். காட்சிக்கு வருகிறவர் வாசலில் விற்கும் கன்றை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறார். அதை அவர் எதில் நடப்போகிறார் என்பது அந்தக் கட்டையைப் பார்த்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.